கருத்தப்பாண்டி மீசையும் யாழ் நரம்பும்

பாளையம்பட்டிக் கருத்தப்பாண்டிக்கு ரெண்டே சொத்து. ஒன்று மூக்குக்குக் கீழே இருந்த மீசை. இன்னொன்று தோளுக்கு மேலே இருந்த வில்.

மீசை சாதாரண மீசை இல்லை. ரெண்டு கன்னத்திலும் ஏறி, காதைப் பார்க்கப் போகலாமா வேண்டாமா என்று யோசித்து, பாதி வழியில் சுருண்டு நிற்கும். டீக்கடையில் இடது கையால் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் வலது கையால் டீ குடிப்பார். “அண்ணே, மீசைக்குத் தனியா ஒரு கிளாஸ் போடட்டுமா?” என்று கடைக்காரர் தினமும் கேட்பார். “அது பால் குடிக்கும், டீ குடிக்காது” என்று இவரும் தினமும் சொல்வார்.

வில் என்றதும் ராமர் கையில் இருப்பதை நினைத்துவிட வேண்டாம். இது பஞ்சு அடிக்கிற வில். ஆளுயரக் கட்டை, ஒரு முனையில் அகலப் பலகை, முனைக்கு முனை இழுத்துக் கட்டிய ஆட்டுக்குடல் நரம்பு. மரக்கட்டையால் நரம்பில் ஒரு தட்டுத் தட்டினால் ‘டொய்ங்’ என்று அதிரும். பக்கத்தில் இருக்கிற பஞ்சு பயந்துபோய்ப் பிரிந்து பறக்கும். பத்து வருசம் ஆட்கள் படுத்துப் படுத்து அடை மாதிரி ஆகிப்போன தலையணையைக்கூட, முக்கால் மணி நேரத்தில் வயசுக்கு வந்த பிள்ளை மாதிரி உப்ப வைத்துவிடுவார்.

குமாரலிங்கபுரத்தில் பிறந்து, கரிசல் காட்டில் பருத்தி எடுக்கிற கூலியாக இருந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு பாளையம்பட்டிக்கு வந்து, பஞ்சு எடுக்கிற வேலையிலிருந்து பஞ்சு அடிக்கிற வேலைக்கு உயர்ந்தார். அவருடைய அம்மா கருத்தம்மாள் மட்டும் மூத்த மகனோடு குமாரலிங்கபுரத்திலேயே தங்கிவிட்டார்.

வில்லில் அவருக்கு உயிர் நரம்புதான். வேலை முடிந்ததும் முதல் காரியமாக நரம்பைத் தளர்த்துவார். “மனுசன் படுக்கையில வேட்டியத் தளத்திக் கட்டலையா? அது மாதிரிதான். ராத்திரி பூரா முறுக்கி வச்சா அதுக்கும் மூச்சு முட்டும்ல” என்பார். வாரம் ரெண்டு தரம் விளக்கெண்ணெய். அதுவும் ரெண்டே சொட்டு, துணியில் தொட்டு. நடுமத்தியானம் வில் வேப்ப மர நிழலில் இருக்கும், இவர் வெயிலில் நிற்பார். நரம்பில் பிசிறு கிளம்பினால் பிடித்து இழுக்க விடமாட்டார். இழுத்தால் உள்ளே வரைக்கும் உரிந்துவிடுமாம். சின்னக் கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்குவார். அதே கத்தரிக்கோலால்தான் மீசையையும் ஒதுக்குவார்.

அவர் மனைவி மூக்கம்மாள் குழாயடியில் இதையெல்லாம் நடித்தே காட்டுவார். “எங்க வீட்ல வெளக்கெண்ண அவுக வில்லுக்கு. நல்லெண்ண அவுக மீசைக்கு. எந்தலைக்குத் தடவக் குழாத் தண்ணி. அதுவும் ரெண்டு நாளைக்கு ஒருக்கத்தான் வருது.”

இப்படிப்பட்ட மனுசரைத்தான் 1989 தை மாதத்தில் ஒருநாள், திருச்சுழித் தெருவில் ஒருவர் துரத்திக்கொண்டு ஓடினார்.

ஓடியவர் தனுஷ்கோடி. திருச்சுழிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழாசிரியர். தூங்கும்போதும் செந்தமிழில்தான் குறட்டை விடுவார் என்று பிள்ளைகள் சொல்லும். பஸ்ஸில் ஏறினால், “நடத்துநர் அவர்களே, அருப்புக்கோட்டைக்கு ஒரு பயணச்சீட்டு நல்குக!” என்பார். நடத்துநரும், “சில்லற நல்கினா சீட்டு நல்குவேன் சார்” என்பார்.

அன்றைக்குக் கருத்தப்பாண்டி சைக்கிளை மிதித்துக்கொண்டே, வந்திருப்பதை ஊருக்குத் தெரிவிக்க வில்லை ஒரு தட்டுத் தட்டினார். டொய்ங்.

“நில்லுங்கள் ஐயா! அந்த ஒலி! அந்த ஒலியை மீண்டும் ஒருமுறை எழுப்புங்கள்!”

கருத்தப்பாண்டி காலை ஊன்றி நின்றார். “மெத்தையா சார், தலகாணியா?”

“யாழ்!”

“அது என்ன சைசு சார்?”

தனுஷ்கோடி மூச்சு வாங்கி முடித்து விளக்கமாகச் சொன்னார். அந்தக் காலத்தில் பாணர்கள் வாசித்த யாழ் மாதிரி ஒன்றை ஆசாரியிடம் சொல்லிச் செய்திருக்கிறார். மாசி மாத ஆண்டு விழாவில் பாணர் நாடகம். பாட்டு டீச்சர் சுபத்ரா மேடையில் யாழை வாசித்துப் பாட வேண்டும். எல்லாம் ரெடி. நரம்புதான் சிக்கல். முதலில் சைக்கிள் பிரேக் கம்பியைப் போட்டிருக்கிறார். அது இழுத்த இழுப்பில் யாழின் கழுத்து கோணி, பக்கவாதம் வந்தவர் மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அதைச் சரிசெய்து, மீன் பிடிக்கிற தங்கூசியை, அதாவது தூண்டில் நைலான் இழையைப் போட்டிருக்கிறார். மீட்டினால் காதோரம் கொசு பாடுகிற சத்தம்தான் வந்தது.

“தங்கூசி எங்க வாங்குனீக?”

“அருப்புக்கோட்டைக் கடைவீதியில். சீனிச்சாமி நைலான் அங்காடி.”

கருத்தப்பாண்டியின் மீசை ரெண்டு அங்குலம் மேலே ஏறியது. சீனிச்சாமி வேறு யாருமில்லை, மூக்கம்மாளின் கூடப் பிறந்த தம்பி. கயிறு, வலை, வாளி, கொடிக்கயிறு என்று உலகத்தில் நைலானால் ஆகாத காரியமே இல்லை என்று நம்புகிறவன். “மச்சான், அந்த ஆட்டுக்குடலத் தூக்கிப் போட்டுட்டு நம்ம நைலான மாட்டுங்க” என்று எட்டு வருசமாக நச்சரிக்கிறவன்.

“சார்,” என்றார் கருத்தப்பாண்டி, “ஒங்க யாழுக்கு நான் நரம்பு போட்டுத் தாரேன். ஒத்த பைசா வேணாம். அந்தத் தங்கூசிய அத்து எங்கையில குடுங்க, அது போதும்.”

அடுத்த சந்தை நாளில் ரெண்டு பேரும் கறிக்கடைக்குப் போனார்கள். கருத்தப்பாண்டி குடல் பார்க்கிற லட்சணத்தைக் கறிக்கடைக்காரர் மாரிச்சாமி அப்படியே நடித்துக் காட்டுவார். பொண்ணு பார்க்கிற மாதிரி முதலில் தூரத்தில் நின்று பார்ப்பாராம். கிட்டே வந்து குனிவாராம். அப்புறம் வம்சம் விசாரிப்பாராம்.

“இது எந்தப் பக்கத்து ஆடு?”

“ரெட்டியபட்டிப் பக்கம் மேஞ்சது.”

“வெள்ளாடா, செம்மறியா?”

“வெள்ளாடு.”

“வேணாம்.”

“வெள்ளாட்டுக்கு என்ன குறை?” என்று தனுஷ்கோடி கேட்டார்.

“சார், வெள்ளாடு கண்டதையும் திங்கும். செவுத்துல ஒட்டுன சினிமா போஸ்டரப் பசையோட திங்கும். கட்சிக்காரன் போஸ்டரையும் திங்கும். அந்தக் கொடல்ல நரம்பு போட்டீகன்னா பாட்டா வரும்? கோஷம்தான் வரும். செம்மறிதான் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் புல்ல மட்டும் திங்கும்.”

தனுஷ்கோடி இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஏழு செம்மறிக் குடலைப் பொறுக்கி எடுத்தார் கருத்தப்பாண்டி. கழுவி, சாம்பல் தண்ணீரில் ஊற வைத்து, கத்தியின் மொண்ணைப் பக்கத்தால் கொழுப்பை வழித்து, ஈரத்தோடு முறுக்கி, ரெண்டு முளைக்கு நடுவே இழுத்துக் கட்டி, நிழலில் காயப் போட்டார். நாய்க்குக் கம்போடும் காக்காய்க்குக் கவணோடும் நாலு நாள் காவல் இருந்தார். வேலைக்கே போகவில்லை. முடித்ததும் கொண்டுபோய் யாழில் கட்டி, பெருமையோடு காட்டினார். “பாருங்க சார். ஏழும் ஒரே தடிமன். அச்சுல வார்த்தாப்புல!”

தனுஷ்கோடி மெதுவாகச் சொன்னார். “ஐயா, ஏழும் ஒரே தடிமனாக இருந்தால் ஏழும் ஒரே குரலில் அல்லவா பேசும்? நமக்கு ஏழு குரல் வேண்டும்.”

கருத்தப்பாண்டி திகைத்தார். அவருக்குத் தெரிந்தது ஒரே குரல்தான், பஞ்சு பறக்கிற குரல். யாழில் கட்டும்போதே, ஒவ்வொரு நரம்பின் பக்கத்திலும் ஒரு துணுக்குப் பஞ்சை வைத்து, அது துள்ளுகிற வரைக்கும் முறுக்கியிருந்தார். ஏழும் ஒரே ‘டொய்ங்’. சுபத்ரா டீச்சர் ஒரு தரம் மீட்டிப் பார்த்துவிட்டு, “சார், எனக்கு எங்க வீட்டுத் தலகாணி ஞாபகம் வருது” என்றார்.

மறுபடியும் சந்தை. மறுபடியும் வம்ச விசாரணை. இந்தத் தடவை பெரிய கிடாயின் குடல் தடித்த நரம்புக்கு. ரெண்டு குடலைச் சேர்த்து முறுக்கினால் அதைவிடத் தடிப்பு. பால் குடி மறக்காத குட்டியின் குடல், ஒற்றையாக, ஏழாவது நரம்புக்கு. அது நூல் மாதிரி இருந்தது. இந்த முறை நாய் வராமல் இருக்க, ஊற வைத்த பானையை வீட்டுக்குள்ளேயே மூடி வைத்துவிட்டு, சாம்பல் அரிக்கப் போனார்.

போன நேரத்தில் சீனிச்சாமி அக்காவைப் பார்க்க வந்துவிட்டான்.

கருத்தப்பாண்டி திரும்பி வந்தபோது, மச்சினன் வட்டிலுக்கு முன்னால் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வீடெல்லாம் மிளகு வாசம்.

“வாங்க மச்சான். அக்கா கொடல் கொழம்பு வச்சிருக்கு. சும்மா சொல்லக் கூடாது, இளங்குட்டி போல. வாயில வச்சதும் கரையுது.”

கருத்தப்பாண்டி பானையைத் திறந்து பார்த்தார். “ஏய் மூக்கம்மா, இதுல இருந்த குட்டிக் கொடல் எங்க?”

“தம்பி வந்திருக்கானேன்னு ஆக்கிட்டேன்.”

“அது யாழோட ஏழாம் நரம்புடி!”

“கொழம்புக்கு வாங்குனதா நரம்புக்கு வாங்குனதான்னு பானையில எழுதியா வச்சிருந்தீக?”

சீனிச்சாமிக்குச் சிரிப்பில் புரை ஏறியது. “மச்சான், இதுக்குத்தான் சொல்றேன். என் தங்கூசிய எந்தப் பொம்பளையாவது கொழம்பு வைக்க முடியுமா? நாய் திங்குமா? எலி கடிக்குமா? வெயில்ல கெடந்தாலும் அந்து போகாது, மழையில கெடந்தாலும் நைஞ்சு போகாது. நீங்க போடுற நரம்பு ஒரு பாட்டுக்குத் தாங்காது. பந்தயம்!”

“தாங்கும்.”

“தாங்குனா ஒங்க வில்ல ஒரு மாசம் நான் தோள்ல தூக்கிட்டு ஒங்க பின்னாடியே தெருத் தெருவா வாரேன். தாங்கலைன்னா?”

கருத்தப்பாண்டிக்குக் கோபத்தில் வேறு எதுவும் கிடைக்கவில்லை. “பாட்டு ஆரம்பிச்சு முடியுறதுக்குள்ள ஏழுல ஒண்ணு அந்தாலும், இந்த மீசைய எடுத்துர்றேன்டா!”

அந்தப் பக்கத்தில் தாயோ தகப்பனோ செத்தால்தான் ஆம்பிளை மீசையை எடுப்பான். மூக்கம்மாள் கரண்டியைக் கீழே போட்டார். “அத்த உசுரோட இருக்காக. என்ன பேச்சு பேசுறீக?”

“சொன்னது சொன்னதுதான்.”

சாயங்காலத்துக்குள் செய்தி பாளையம்பட்டி முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் காலையில் டீக்கடைக்காரர் மீசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, “விழா என்னைக்குண்ணே?” என்றார்.

வேறு குட்டிக் குடல் கிடைக்க ஒரு வாரம் ஆயிற்று. ஏழும் தயாரானதும் கருத்தப்பாண்டி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றையும் ரெண்டு கையிலும் இழுத்துப் பிடித்து, கட்டைவிரலால் சுண்டி, வெளிச்சத்துக்கு நேரே பார்த்தார்.

“என்ன பாக்குறீங்க?” என்றார் சுபத்ரா டீச்சர்.

“சுண்டுனா ரெண்டு கோடு தெரியணும் டீச்சர். சுத்தமா ரெண்டே கோடு. மூணு, நாலுன்னு கலங்கலாத் தெரிஞ்சா அது பொய் நரம்பு. ஒரு எடத்துல தடிச்சு ஒரு எடத்துல இளைச்சு இருக்கும். என்னதான் முறுக்குனாலும் ஒழுங்காப் பேசாது.”

டீச்சர் அருப்புக்கோட்டையில் வீட்டில் வீணை வாசிக்கிறவர். பார்த்தார். ரெண்டே கோடு. எல்லாரும் சேர்ந்து யாழில் கட்டினார்கள். தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஒவ்வொன்றாக மீட்டினார் டீச்சர். ஏழு நரம்பும் ஏழு குரலில் பேசின. தனுஷ்கோடிக்குக் கண் கலங்கிவிட்டது. செந்தமிழே வரவில்லை. “நல்லாருக்குய்யா” என்றார்.

கருத்தப்பாண்டி டீச்சருக்குச் சட்டதிட்டம் படித்தார். “வேர்வைக் கையோட தொடக் கூடாது. வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால தொடச்சுட்டு நரம்பு முடுக்குற ஆணியத் தளத்திரணும். வெயில் ஆகாது. பிசிறு வந்தா எனக்குச் சொல்லி அனுப்புங்க, நான் வந்து நறுக்குறேன். தண்ணி மட்டும் மேல படவே கூடாது. ரொம்பக் காஞ்சா பக்கத்துல ஒரு ஈரத் துணிய வைக்கலாம். பக்கத்துலதான். மேல இல்ல.”

“எங்க வீட்டுக்காரரைக்கூட நான் இப்படிப் பாத்துக்கிட்டது இல்லை” என்றார் டீச்சர்.

விழா நாளும் வந்தது. ஆறு மணிக்கு மைதானம் நிறைந்துவிட்டது. பாளையம்பட்டியிலிருந்து மட்டும் ரெண்டு டிரிப் பஸ்ஸில் ஆட்கள் வந்திருந்தார்கள். யாரும் நாடகம் பார்க்க வரவில்லை, மீசைக்காக வந்திருந்தார்கள். சீனிச்சாமி முதல் வரிசையில் உட்கார்ந்து, மேல்சட்டைப் பையில் ஒரு புதுச் சவர பிளேடு பாக்கெட்டை வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தான். கருத்தப்பாண்டி பக்கத்து நாற்காலியில், கழுத்தில் துண்டோடு.

நாடகத்துக்கு முன்னால் சிறப்பு விருந்தினர் பேச்சு. மாவட்டத் தலைமையிடத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர். “அந்தத் தமிழ்க் கருவி ஒளிரட்டும்!” என்று தனுஷ்கோடி ஆசைப்பட்டதால், யாழை மேடை நடுவில் ஒரு ஸ்டூலில் நிறுத்தி, ஐந்நூறு வாட் லைட்டு ஒன்றை நேராக அதன் மேல் திருப்பிவிட்டிருந்தார்கள்.

“சுருக்கமாகச் சொல்லப்போனால்...” என்று விருந்தினர் ஆரம்பித்தார். அரை மணி நேரம் ஆனது. “ஒரே வார்த்தையில் சொல்வதென்றால்...” என்றார். மேலும் இருபது நிமிசம். “இறுதியாக...” என்றார். கூட்டம் கை தட்டிப் பார்த்தது. அவர் அதைப் பாராட்டு என்று நினைத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

கருத்தப்பாண்டி பேச்சைக் கேட்கவே இல்லை. நரம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். லைட்டுச் சூட்டில் எண்ணெய் மினுக்கம் போய், ஏழும் வெளிறிக்கொண்டு வந்தன.

“காயுதுடா மாப்ள,” என்றார் வாய்க்குள்.

“காயட்டும் மச்சான். தங்கூசி காயாது” என்றான் சீனிச்சாமி.

கருத்தப்பாண்டி எழுந்து மேடைக்குப் பின்னால் போனார். உள்ளே விட மறுத்துவிட்டார்கள். “லைட்டத் திருப்பச் சொல்லுங்கப்பா” என்றார். லைட்டுக்காரர் சாப்பிடப் போயிருந்தார். குடிதண்ணீர்ப் பானையைக் கவிழ்த்துப் பார்த்தார், சொட்டு இல்லை. தண்ணீர் லாரி வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. வாசலில் சோடாக் கடை ஒன்றுதான் இருந்தது.

“ரெண்டு கோலி சோடா குடுப்பா.”

“குடிக்கவாண்ணே?”

“இல்ல. இந்தத் துண்டுல ஊத்து.”

நனைந்த துண்டோடு அவர் திரும்பி வந்தபோது, பேச்சு முடிந்து, பொன்னாடை போர்த்துகிற படலம் ஆரம்பமாகியிருந்தது. ஊரில் இருக்கிற சங்கமெல்லாம் வரிசையில் நின்றது. மைக்கில் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். வியாபாரிகள் சங்கம் சார்பாக. பெற்றோர் சங்கம் சார்பாக. முன்னாள் மாணவர்கள் சார்பாக. கருத்தப்பாண்டியும் வரிசையில் போய் நின்றார். மேடைக்கு ஏற வேறு வழி இல்லை.

மைக் பிடித்தவர் குனிந்து, “நீங்க எந்தச் சங்கம்?” என்றார்.

“மெத்த, தலகாணி.”

“அடுத்து, மெத்தை தலையணைத் தொழிலாளர் சங்கத்தின் சார்பாக நமது சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை!”

விருந்தினர் எழுந்து, முகத்தில் புன்னகையோடு கழுத்தை வாகாகக் குனிந்து கொடுத்தார். கருத்தப்பாண்டி துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். விருந்தினரைத் தாண்டினார். நேரே போய் யாழுக்குப் போர்த்தினார். ரெண்டு கையாலும் துண்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார்.

விருந்தினர் குனிந்தது குனிந்தபடி இருந்தார். துண்டிலிருந்து சோடா நுரைத்துச் சொட்டியது. கூட்டம் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நொடி வாயைப் பிளந்தது.

தனுஷ்கோடி பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார். “பார்த்தீர்களா! ஓர் எளிய தொழிலாளி இன்று தமிழுக்கே பொன்னாடை போர்த்தினார்!”

கைதட்டல் பந்தலைத் தூக்கியது. விருந்தினரும் நிமிர்ந்து, தானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தது போலத் தட்டினார்.

கருத்தப்பாண்டி மட்டும் தட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பக்கத்தில் வைக்க வேண்டிய ஈரத்தை மேலேயே போட்டுவிட்டு வந்திருந்தார். பயத்தில் செய்த காரியம். டீச்சருக்குச் சொன்ன சட்டத்தை அவரே மீறியாகிவிட்டது.

நாடகம் ஆரம்பித்தது. சுபத்ரா டீச்சர் துண்டை எடுத்தார். ஏழு நரம்பும் நனைந்து தொங்கின. முடுக்காணிகளைத் திருகித் திருகி டீச்சர் சுருதி சேர்த்தார். அதையே பழந்தமிழ் இசை என்று நினைத்துக் கூட்டம் பயபக்தியோடு கேட்டது. லைட்டு மறுபடி நரம்பைக் காய வைத்துச் சுருக்கத் தொடங்கியது. பாட்டு ஆரம்பித்தது.

பாணன் ஒருவன் மழை இல்லாத ஊரை விட்டுக் கிளம்புகிற பாட்டு. டீச்சர் குரலும் யாழும் சேர்ந்தபோது, மீசைக்காக வந்த கூட்டம் மீசையை மறந்துபோனது. குழந்தைகள்கூட அழவில்லை. ரெண்டாவது அடியில், நடுவில், ‘திங்’ என்று மிக மெல்லிசாக ஒரு சத்தம்.

ஏழாவது.

டீச்சர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அறுந்த நரம்பை விரல் இடுக்கில் ஒதுக்கிக்கொண்டு, மேல் சுரம் வருகிற இடங்களைக் குரலிலேயே பாடி, ஆறு நரம்பில் பாட்டை முடித்தார். கூட்டம் எழுந்து நின்றது. நரம்பு அறுந்தது ஒருத்தருக்கும் தெரியவில்லை.

கருத்தப்பாண்டி தலையைத் திருப்பிப் பார்த்தார். சீனிச்சாமி வாயைத் திறந்துகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். “மச்சான்,” என்றான், மூக்கை உறிஞ்சியபடி, “நான் தோத்துட்டேன் மச்சான். நைலான்ல இது வராது. காலையில வந்து வில்லத் தூக்குறேன்.”

பாளையம்பட்டி ஆட்கள் கருத்தப்பாண்டியைத் தோளில் தூக்கிவிட்டார்கள். மீசையை ஆளாளுக்குத் தடவிப் பார்த்தார்கள். அவர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார், விசில் சத்தத்தில் எதுவும் எடுபடவில்லை. பஸ்ஸில் வரும்போது மூக்கம்மாள்கூட, “பரவாயில்ல, எங்க வீட்டுக்காரவுக சாதிச்சுட்டாக” என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னார். கருத்தப்பாண்டி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

விடிந்ததும் முதல் ஆளாக முடிவெட்டுகிற கடையில் போய் உட்கார்ந்தார். “மீசைய எடு.”

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். “ஐயோ! அம்மாவா?”

“எடுப்பா.”

“எப்பண்ணே?”

“நேத்து, ரெண்டாவது அடியில.”

துக்கத்தில் பேச்சு குழறுகிறது என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். கண்ணீரோடு எடுத்தார். காசு வாங்கவில்லை.

கருத்தப்பாண்டி வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. வாசலில் எதிர்வீட்டு ஒச்சம்மாள் தலைமையில் பத்துப் பெண்கள் மூக்கம்மாளைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். யாருக்காக என்று தெரியாவிட்டாலும், விட்டுப்போகக் கூடாதே என்று மூக்கம்மாளும் அழுதுகொண்டிருந்தார். வில்லைத் தூக்குவதற்காக வந்த சீனிச்சாமி, மச்சானின் வெறும் உதட்டைத் தூரத்தில் பார்த்ததும், ஒரு வார்த்தை கேட்காமல் சைக்கிளைத் திருப்பினான். கடைவீதிக்குப் போய் ஒரு பெரிய மாலை வாங்கிக்கொண்டு குமாரலிங்கபுரம் பஸ் ஏறிவிட்டான்.

“ஏய், அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல! நிப்பாட்டுங்க!” என்று கருத்தப்பாண்டி கத்தினார்.

“மனசத் தேத்திக்கப்பா,” என்றார் ஒச்சம்மாள். “எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாக.”

பதினோரு மணி பஸ்ஸில் அம்மாவே வந்து இறங்கினார். கையில் மாலை. பின்னால் ரெண்டு கையையும் கட்டிக்கொண்டு சீனிச்சாமி. அழுத பெண்களில் ரெண்டு பேர் வீட்டுக்குள் ஓடிவிட்டார்கள்.

“கருத்தப்பாண்டி! ஏலே! வெளிய வாடா!” கருத்தம்மாளின் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். “நான் அடுப்புல கேப்பக் கூழ் கிண்டிக்கிட்டு இருக்கேன். ஒம் மச்சினன் வந்து மாலையக் கொண்டாந்து என் காலடியில போட்டுட்டு, ‘அத்த, எப்ப எடுக்குறாக’ன்னு எங்கிட்டயே கேக்குறான்! பெத்தவ உசுரோட இருக்கையில மீசைய வழிச்சிருக்கியே, என்னடா நினைப்பு ஒனக்கு?”

“ஆத்தா, பந்தயம் ஆத்தா. தோத்துட்டேன்.”

“நீங்க எங்க மச்சான் தோத்தீக?” என்றான் சீனிச்சாமி.

“ஏழாவது அந்துருச்சு மாப்ள.”

“எனக்குக் கேக்கலையே!”

“எனக்குக் கேட்டுச்சு.”

மூக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புருசனின் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்தார். “கல்யாணமாகிப் பதினாறு வருசத்துல இந்த ஒதட்ட இன்னைக்குத்தான் பாக்குறேன். இதுக்கா இம்புட்டு எண்ணெய் ஊத்துனீக?”

கருத்தம்மாளுக்குக் கோபம் பாதி வடிந்துவிட்டது. மீதிப் பாதியை எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தார். “பந்தயத்துல ஜெயிச்சவன் எவன்?”

சீனிச்சாமி மெதுவாகக் கையைத் தூக்கினான்.

“குனி.”

“அத்த, அது எழவு மாலை...”

“பூவுல என்னடா எழவுப் பூ, கல்யாணப் பூ? குனிடா!”

போட்டுவிட்டார். கடை போய்ச் சேருகிற வரைக்கும் கழற்றக் கூடாது என்று உத்தரவு. டவுன் பஸ்ஸில் மாலையும் கழுத்துமாக அவன் நின்றுகொண்டே போக, “மாப்ள தனியாப் போறாரே, பொண்ணு எங்க?” என்று நடத்துநர் கேட்டதாகக் கேள்வி.

சாயங்காலம் தனுஷ்கோடி வந்தார். டீச்சருக்கு ஏழாவது நரம்பு ஒன்று அவசரமாக வேண்டுமாம். அடுத்த மாதம் விருதுநகரில் ஒரு விழாவுக்கு யாழோடு கூப்பிட்டிருக்கிறார்கள். வேப்ப மரத்தடியில் குட்டிக் குடல் ஒன்றை முறுக்கிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்து, பணிவாகக் கேட்டார்.

“ஐயா, கருத்தப்பாண்டி அவர்கள் இல்லத்தில் இருக்கிறாரா?”

அந்த ஆள் நிமிராமல் நரம்பைச் சுண்டி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கோட்டை எண்ணினார். “அவரு வெளிய போயிருக்காரு சார். திரும்பி வர மூணு மாசம் ஆகும். நரம்புதான வேணும்? ஒக்காருங்க, நான் தாரேன்.”